எஞ்சினுக்கு ஏற்ற டர்போ அளவு: கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முழு வழிமுறை

டர்போ வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் டர்போவைப் பார்த்துவிட்டு, பிறகுதான் எஞ்சினைப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவருடைய காரில் நன்றாக ஓடியது, பாதி விலைக்குக் கிடைத்தது, விளம்பரத்தில் 400 குதிரைத்திறன் என்று போட்டிருந்தது என்று காரணம் சொல்கிறார்கள். அந்த 400 எந்த எஞ்சினில், நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், எந்த எரிபொருளில் கிடைத்தது என்பதை விளம்பரம் சொல்லாது.

எஞ்சினில் தொடங்கி டர்போவில் முடிப்பதே சரியான வரிசை. எவ்வளவு திறன் வேண்டும், அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றைத் திணிக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும், அதை எந்தக் கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரம்) தரும், அந்தக் கம்ப்ரஸரை எந்த டர்பைன் (எஞ்சின் புகையால் சுழலும் சக்கரம்) சுழற்றும் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஒரு படியின் விடைதான் அடுத்த படியின் கேள்வி. நடுவில் ஒன்றைத் தாண்டினால் மீதி எல்லாம் ஊகமாகிவிடும்.

உதாரணத்துக்கு ஒரே எஞ்சினைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம்: 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் எஞ்சின். இலக்கு 6500 சுற்றில் 300 குதிரைத்திறன். கடல் மட்டம், வெளிவெப்பம் 30 டிகிரி செல்சியஸ்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஞ்சினின் கொள்ளளவு, அமுக்க விகிதம், பாதுகாப்பான உச்சச் சுற்று, நீங்கள் வழக்கமாக நிரப்பும் பெட்ரோலின் ஆக்டேன் எண், கார் ஓடும் இடத்தின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்டேன் எண்ணை மறந்தால் கணக்கு காகிதத்தில் மட்டும் சரியாக இருக்கும். எஞ்சினில், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் ஒலி கேட்கும்.

சிலிண்டர்களின் அமுக்கத்தையும் கசிவையும் இப்போதே சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு சிலிண்டரில் கசிவு இருந்தால், டர்போ அதைச் சரிசெய்யப் போவதில்லை, சீக்கிரம் முடித்துவைக்கும்.

மூன்றாவது தேவை கம்ப்ரஸர் வரைபடம்; அதைப் படிக்கும் முறை 6ஆம் படியில் வரும். தயாரிப்பாளர் வரைபடம் வெளியிடாத டர்போவை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வரைபடம் இல்லாத டர்போவுக்குக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழியே கிடையாது.

2. இலக்குத் திறனை ஒரே எண்ணாக எழுதுங்கள்

"300 முதல் 450 வரை" என்பது இலக்கு அல்ல. 300க்கு ஏற்ற டர்போவும் 450க்கு ஏற்ற டர்போவும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வாங்குபவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

அந்த எண் கிராங்கில் (எஞ்சினின் சுழல் தண்டில்) அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கியர்பாக்ஸிலும் அச்சிலும் சுமார் 15 சதவீதம் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் 300 வேண்டுமென்றால் கிராங்கில் சுமார் 350 வேண்டும். இந்த 50 குதிரைத்திறன் டர்போவின் ஓர் அளவையே மாற்றிவிடும். கீழே வரும் கணக்கு முழுவதும் கிராங்கில் கிடைக்கும் திறனுக்கானது.

முழு பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) எந்தச் சுற்றில் வந்திருக்க வேண்டும் என்ற இரண்டாவது எண்ணும் தேவை. புதியவர்கள் இதை எழுதுவதே இல்லை. ஆனால் தினமும் ஓட்டும் காரில் உச்சத் திறனைவிட இதுதான் அதிகம் உணரப்படும். நம் எஞ்சினுக்கு 3500 சுற்று என்று வைப்போம்.

3. தேவையான காற்றின் எடை

திறன் எரிபொருளிலிருந்து வருகிறது. எரிபொருள் எரியக் காற்று வேண்டும். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 250 கிராம் பெட்ரோல் எடுத்துக்கொள்ளும் என்று சற்றுத் தாராளமாகக் கணக்கிடலாம். முழு பூஸ்டில் ஒரு பங்கு எரிபொருளுக்குச் சுமார் 12 பங்கு காற்று, எடைக் கணக்கில்.

300 × 0.25 = மணிக்கு 75 கிலோ பெட்ரோல்.
75 × 12 = மணிக்கு 900 கிலோ காற்று, அதாவது நிமிடத்துக்கு 15 கிலோ.

பல வரைபடங்கள் பவுண்டில் இருப்பதால் 2.205 ஆல் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 33 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு ஒன்பது முதல் பத்துக் குதிரைத்திறன் என்பது இத்துறையின் வாய்ப்பாடு. உங்கள் விடை அதற்கு வெகுதூரத்தில் இருந்தால் எங்கோ பெருக்கலில் பிழை.

அந்த 75 கிலோவை வைத்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் இப்போதே பார்த்துவிடலாம். நான்கு சிலிண்டருக்குப் பிரித்து, 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 530 சிசி தர வேண்டும். இப்போது இருப்பவை அதில் பாதிதான் தரும் என்றால் செலவுப் பட்டியலில் இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் சேர்ந்துவிட்டன. டர்போ வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை.

4. அந்தக் காற்றைத் திணிக்க எவ்வளவு அழுத்தம்?

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உள்ளிழுக்கும். 6500 சுற்றில் 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6500 லிட்டர் இழுக்க வேண்டும். உண்மையில் அவ்வளவு நிரம்பாது. நான்கு வால்வு தலைக்கு 95 சதவீதம், பழைய இரண்டு வால்வு தலைக்கு 85 முதல் 90 என்று எடுத்துக்கொள்ளலாம். நமக்கு 95: நிமிடத்துக்கு 6.175 கன மீட்டர்.

இந்த இடத்துக்குள் 15 கிலோ காற்று அடங்க வேண்டுமானால் அதன் அடர்த்தி 15 ÷ 6.175 = கன மீட்டருக்கு 2.43 கிலோ.

அடர்த்தியை அழுத்தமாக்க வெப்பநிலை தேவை. அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 60 டிகிரி, அதாவது 333 கெல்வின் என்று இப்போதைக்கு வைப்போம்; 7ஆம் படியில் இதைச் சரிபார்ப்போம். 2.43 × 287 × 333 = சுமார் 2,32,000 பாஸ்கல், அதாவது 2.32 பார் (287 என்பது காற்றின் வாயு மாறிலி).

இது வளிமண்டலத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். டாஷ்போர்டில் இருக்கும் பூஸ்ட் மீட்டர் வளிமண்டலத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும், அதில் 1.31 பார், சுமார் 19 பிஎஸ்ஐ தெரியும். எந்த இடத்தில் மொத்த அழுத்தம், எந்த இடத்தில் மீட்டர் அழுத்தம் என்பதைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் பிழை. காகிதத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "மொத்தம்" அல்லது "மீட்டர்" என்று எழுதிவையுங்கள்.

இந்த இடத்தில் ஒருமுறை நின்று, உங்கள் அமுக்க விகிதத்துக்கும் ஆக்டேனுக்கும் இந்தப் பூஸ்ட் அதிகமா என்று யோசியுங்கள். 10.5 அமுக்க விகிதமும் சாதாரணப் பெட்ரோலும் உள்ள எஞ்சினுக்கு 19 பிஎஸ்ஐ ஆபத்தான எண். எந்த டர்போவும் இதை மாற்றாது. 2ஆம் படிக்குத் திரும்பி இலக்கைக் குறைப்பதுதான் வழி.

5. அழுத்த விகிதம்

கம்ப்ரஸரின் வாயிலிருந்து வெளியேறும் அழுத்தத்தை உள்ளே நுழையும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். இரண்டும் மொத்த அழுத்தமாக இருக்க வேண்டும்.

வெளியேறும் பக்கம்: இன்டர்கூலரும் குழாய்களும் சுமார் 0.14 பார் விழுங்கும். ஆகவே 2.32 + 0.14 = 2.46 பார்.
நுழையும் பக்கம்: காற்று வடிகட்டி சுமார் 0.06 பார் விழுங்கும். 1.01 − 0.06 = 0.95 பார்.
விகிதம்: 2.46 ÷ 0.95 = 2.59. இதை 2.6 என்று வைப்போம்.

இழப்புகளைச் சேர்க்காமல் 2.32 ஐ 1.01 ஆல் வகுத்தால் 2.3தான் வரும். அந்த எண்ணை நம்பி வாங்கிய டர்போ, நிஜத்தில் எப்போதும் கணக்கைவிட வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

உயரமான ஊரில் ஓடும் காருக்கு இந்தப் படியே எல்லாவற்றையும் மாற்றிவிடும். 2000 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் சுமார் 0.795 பார். அதே 300 குதிரைத்திறனை அங்கே கேட்டால் 2.46 ÷ 0.735 = 3.35. கடல் மட்டத்தில் நிம்மதியாக இருந்த கம்ப்ரஸர் அங்கே தன் வேக எல்லையைத் தாண்டக்கூடும்.

6. வரைபடத்தில் புள்ளிகளை வையுங்கள்

கம்ப்ரஸர் வரைபடத்தில் கிடை அச்சு காற்றின் அளவு, நிமிர்ந்த அச்சு அழுத்த விகிதம். நடுவில் தீவுகள்போல வளைகோடுகள். ஒவ்வொன்றிலும் கம்ப்ரஸரின் செயல்திறன் சதவீதம் எழுதியிருக்கும். இடது ஓரத்தில் சாய்ந்து ஏறும் கோடு சர்ஜ் கோடு. அதற்கு இடப்புறம் காற்று நிலையாக ஓடாது, முன்னும் பின்னும் அடிக்கும். வலது ஓரம் சோக். அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கூடுதல் காற்று வராது. குறுக்கே செல்பவை சக்கரத்தின் வேகக் கோடுகள்.

வரைபடத்தின் மூலையில் எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் வரைந்தார்கள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கடல் மட்டத்தில் வித்தியாசம் சொற்பம். உயரத்தில் அப்படி விட முடியாது: காற்றின் எடையை, வரைபட அழுத்தத்தை உங்கள் நுழைவு அழுத்தத்தால் வகுத்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 2000 மீட்டர் உதாரணத்தில் 33 பவுண்டு, வரைபடத்தில் சுமார் 43 பவுண்டாக நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். ஒரே ஒரு புள்ளியை வைத்து டர்போ வாங்காதீர்கள். உச்சத் திறன் புள்ளியை மட்டும் பார்த்தால் பெரிய டர்போக்கள் எல்லாமே பொருத்தமாகத்தான் தெரியும். குறைந்தது நான்கு புள்ளிகளாவது வையுங்கள். அதே பூஸ்ட்டை எல்லாச் சுற்றிலும் வைத்திருந்தால் காற்று சுற்றுக்கு ஏற்பக் கூடும்:

3000 சுற்று: 15 பவுண்டு
4000 சுற்று: 20 பவுண்டு
5000 சுற்று: 25 பவுண்டு
6500 சுற்று: 33 பவுண்டு

காற்று குறைவாக ஓடும்போது இழப்புகளும் குறையும். அதனால் 3000 சுற்றில் விகிதம் 2.35 அளவிலும் 6500இல் 2.6 அளவிலும் இருக்கும். நான்கையும் பென்சிலால் வைத்து இணைத்தால் வலப்பக்கம் மெல்ல ஏறும் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடுதான் உங்கள் எஞ்சின்.

இப்போது வெவ்வேறு டர்போக்களின் வரைபடங்களில் அதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். 33 பவுண்டுப் புள்ளி சோக் ஓரத்தை ஒட்டி, கடைசி வேகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தால் அந்த டர்போ சிறியது. அந்த விகிதத்தில் 37, 38 பவுண்டு வரை ஓட்டம் இருக்கட்டும். பத்துப் பதினைந்து சதவீத இடைவெளி போதும். வெயில் நாள், அழுக்கடைந்த வடிகட்டி, சிறு கசிவு எல்லாம் அந்த இடைவெளியைத்தான் தின்னும்.

மறுபக்கம், 3000 சுற்றுப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்புறம் விழுந்தால் அந்தக் கம்ப்ரஸர் பெரியது. 2.35 விகிதத்தில் சர்ஜ் கோடு 18 பவுண்டில் செல்கிறது என்றால், நம் எஞ்சின் அங்கே தருவது 15தான். "பின்னால் எஞ்சினைப் பெரிதாக்கப் போகிறேன், அதற்கும் சேர்த்து வாங்குகிறேன்" என்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் என்பது பல நேரம் வருவதே இல்லை. சர்ஜ் மட்டும் தினமும் வரும்.

கோட்டின் நடுப்பகுதி, 4000 முதல் 5500 வரை, 70 சதவீதத்துக்கு மேலான தீவுகளில் செல்லட்டும். உச்சப் புள்ளி 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் டர்போவைத் தள்ளிவையுங்கள்.

7. வெப்பத்தைச் சரிபாருங்கள்

செயல்திறன் ஏன் முக்கியம் என்பது எண்ணில் தெரியும். 30 டிகிரியில் நுழையும் காற்றை 2.6 மடங்கு அழுத்தும்போது, 75 சதவீதத் தீவில் அது ஏறத்தாழ 157 டிகிரியில் வெளியேறும். 62 சதவீதத்தில் 184 டிகிரி. பூஸ்ட் மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

முக்கால்பங்கு வெப்பத்தை இறக்கும் இன்டர்கூலர் இருந்தால் முதல் காற்று 62 டிகிரிக்கும், இரண்டாவது 68 டிகிரிக்கும் வந்து சேரும். நாம் 4ஆம் படியில் 60 என்று வைத்தோம். 62க்குக் கணக்கு தாங்கும். உங்களுக்கு 80 வந்தால் அந்த எண்ணோடு 4ஆம் படிக்குத் திரும்பிப் போய் மறுபடி கணக்கிட வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாவது முறையிலேயே எண்கள் நிலைத்துவிடும்.

8. டர்பைன் பக்கம்

கம்ப்ரஸரை இவ்வளவு பொறுமையாகத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட டர்பைன் ஹவுசிங்கை கடையில் இருப்பதைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். பூஸ்ட் எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தப் பக்கம்தான்.

ஹவுசிங்கின் மேல் 0.63, 0.82 போன்ற ஓர் எண் இருக்கும். ஏ/ஆர் எனப்படும் அது, வாயு செல்லும் வழியின் குறுக்குப் பரப்பை, மையத்திலிருந்து அந்த வழிக்குள்ள தூரத்தால் வகுத்தது. எண் சிறியதென்றால் வழி குறுகியது. புகை வேகமாக மோதும், பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் உயர் சுற்றில் அதே குறுகிய வழி எஞ்சினின் மூச்சை அடைக்கும். ஒரே டர்பைன் சக்கரத்துக்குள் மட்டும்தான் இந்த எண்ணை ஒப்பிடலாம். சிறிய சக்கரத்தின் 0.82, பெரிய சக்கரத்தின் 0.63ஐவிடக் குறைவான புகையையே விடக்கூடும்.

தோராயமாகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. புகையின் எடை என்பது காற்றும் பெட்ரோலும் சேர்ந்தது: 15 + 1.25 = நிமிடத்துக்கு 16.25 கிலோ, அதாவது 36 பவுண்டு. புகை 900 டிகிரியில் இருக்கும்போது அது டர்பைன் வரைபடக் கணக்கில் இரு மடங்காகி 72 ஆகும். டர்பைனுக்கு முன் மொத்த அழுத்தம் 3.2 பார் வரை ஏறலாம் என்று அனுமதித்தால், வளிமண்டல அளவில் அது 3.16 மடங்கு, 72 ÷ 3.16 = சுமார் 23 பவுண்டு. இதில் ஒரு பங்கு வேஸ்ட்கேட் (மிகையான புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு) வழியாகப் போய்விடும். ஆகவே 18 முதல் 20 பவுண்டு வரை விடும் ஹவுசிங் நமக்குப் பொருந்தும். 14 மட்டுமே விடும் ஹவுசிங்கில் முன்னழுத்தம் 3.2இல் நிற்காது.

முன்னழுத்தம் பூஸ்ட்டைவிட எவ்வளவு அதிகம் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் மீட்டர் அளவில், ஒன்றரை மடங்கு வரை சாலைக் காருக்குச் சகிக்கலாம். நம் கணக்கில் 2.2க்கு 1.31; ஏற்கெனவே அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியிருக்கிறோம், எனவே பொருந்தக்கூடிய ஹவுசிங்குகளில் பெரியதை எடுப்பேன். இரண்டு மடங்கானால் எரிந்த புகை முழுமையாக வெளியேறாமல் சிலிண்டரிலேயே தங்கும், தட்டல் தொடங்கும்.

சீக்கிரம் பூஸ்ட்டும் வேண்டும், மேலே திறனும் வேண்டும் என்று பெரிய கம்ப்ரஸரோடு மிகச்சிறிய டர்பைனைச் சேர்ப்பவர்கள் உண்டு. காற்று குறைவாக இருக்கும் சுற்றிலேயே அந்த டர்பைன் கம்ப்ரஸரைச் சுழற்றிவிடும். புள்ளி நேராகச் சர்ஜ் கோட்டைத் தாண்டும். இரண்டு ஆசையையும் ஓரளவு நிறைவேற்றக்கூடியது இரட்டை வழி ஹவுசிங். அதற்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பிரிந்திருக்க வேண்டும்: 1-3-4-2 எரிவரிசையில் 1ம் 4ம் ஒரு வழி, 2ம் 3ம் மறு வழி. ஒன்றாகச் சேரும் மேனிஃபோல்டில் இரட்டை வழி ஹவுசிங்கை மாட்டினால் பணம் போனதுதான் மிச்சம்.

9. வேஸ்ட்கேட்

டர்பைன் சிறியதென்றால் வேஸ்ட்கேட் பெரியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் தேவைக்கு மேற்பட்ட புகை அதன் வழியாகத்தான் போக வேண்டும். குறைந்த பூஸ்டும் அதிகக் காற்றும் உள்ள அமைப்பில்தான் இது கடினம். பலர் நினைப்பது இதற்கு நேரெதிர். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்த பிறகும் சுற்று ஏற ஏறப் பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால் வழி போதவில்லை என்று பொருள். பூஸ்ட் கன்ட்ரோலரை மாற்றிப் பயனில்லை.

10. பெயரில் உள்ள எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்

கேரெட்டின் ஜிடி2871இல் கடைசி 71, கம்ப்ரஸர் சக்கரத்தின் பெரிய விட்டம், மில்லிமீட்டரில். பிரிசிஷன் நிறுவனத்தின் 6266இல் 62 என்பது காற்று நுழையும் சிறிய விட்டம். 71 பெரியது, 62 சிறியது என்று நினைத்து வாங்கியவர்களுக்கு உண்மை நேர்மாறாக இருந்திருக்கிறது.

11. டீசலுக்கு என்ன மாற்றம்

வழிமுறை அதேதான், 3ஆம் படியின் எண்கள் மாறும். குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 170 கிராம் எரிபொருள், ஒரு பங்குக்கு 22 பங்கு காற்று. 150 குதிரைத்திறன் டீசலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 9.35 கிலோ காற்று. அதே திறனுள்ள பெட்ரோலுக்கு ஏழரைக் கிலோ. காற்றைக் குறைத்தால் கரும்புகையும் மிகையான புகை வெப்பமும் வரும்.

12. பொருத்திய பின் சரிபார்ப்பது

முதல் ஓட்டத்தில் இலக்குப் பூஸ்ட்டைத் தொடாதீர்கள். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டும் தரும் குறைந்த பூஸ்டில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில், சுற்று, பூஸ்ட், உள்காற்று வெப்பம், காற்று–எரிபொருள் விகிதம் நான்கையும் பதிவு செய்யுங்கள். டர்பைனுக்கு முன் ஒரு சிறு துளையில் அழுத்தமானி வைத்தால் 8ஆம் படியின் கணக்கும் சரிபார்க்கப்பட்டுவிடும்.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போது 2800, 3200 சுற்றில் பூஸ்ட் முள் நடுங்கி, இழுவை விட்டுவிட்டு வந்தால் அது சர்ஜ். அந்தச் சுற்றில் பூஸ்ட்டைக் குறைத்து ஓட்டுங்கள். தொடர்ந்தால் டர்போவின் தண்டைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் தாங்காது. காலை எடுக்கும் கணத்தில் மட்டும் வரும் படபடப்பு ஒலி வேறு. அதற்குக் காரணம், காலை எடுத்ததும் குழாயில் தேங்கும் அழுத்தத்தை வெளியேற்றும் புளோ-ஆஃப் வால்வு இல்லாதது அல்லது அது மெதுவாகத் திறப்பது.

மேல் சுற்றில் பூஸ்ட் தானாகச் சரிந்தால் உடனே டர்போ சிறியது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள், பிறகு வேஸ்ட்கேட் ஸ்பிரிங் புகையழுத்தத்தால் தள்ளப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, உள்காற்று வெப்பமும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் வரைபடத்தை மறுபடி விரித்து, பதிவில் கிடைத்த உண்மையான எண்களால் அந்த நான்கு புள்ளிகளையும் மாற்றி வையுங்கள்.